பாத்திரமும் கோத்திரமும்

"பாத்திரம் அறிந்து பிச்சை இடு, கோத்திரம் அறிந்து பெண்ணைக் கொடு" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். பழைய இங்கிலீஷ் பீங்கான் சாமான்களைச் சேகரிக்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பழமொழிதான் ஞாபகத்துக்கு வரும். அவர்கள் கையில் இருப்பது பாத்திரம், விசாரிப்பதெல்லாம் கோத்திரத்தை. ஒரு பூச்சாடியை அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். ஜாடியின் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். சட்டென்று தலைகீழாகக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார்கள். அடியில் தெரிந்த முத்திரை இருந்தால் அவர்கள் முகம் மலரும். இல்லாவிட்டால் ஜாடி மேஜைக்குத் திரும்பிவிடும்.

நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். அதனால்தான் இதை எழுதத் துணிகிறேன்.

பத்து வருஷங்களுக்கு முன் குன்னூரில் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். என் கதைகளைப் படித்துவிட்டு, பிடித்ததைப் பிடித்தது என்றும் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றும் கார்டு போடுகிறவர். அவர் வீட்டுக் கூடத்தில், சுவாமி படங்களுக்கு எதிர்ச் சுவரில், ஒரு தட்டு மாட்டியிருந்தது. வெள்ளைத் தரையில் நீலச் சித்திரம். ஒரு வில்லோ மரம், பக்கத்தில் ஒரு பாலம், பாலத்தின் மேல் மூன்று மனிதர்கள், தூரத்தில் ஒரு படகு, ஆகாயத்தில் இரண்டு பறவைகள். பெரியவரின் தகப்பனார் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதியவர். 1947-ல் துரை ஊருக்குக் கப்பலேறியபோது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டிருக்கிறார். கணக்கர் எடுத்தது இந்த ஒரு தட்டைத்தான்.

"அப்பா தனக்குன்னு ஆசைப்பட்டு வாங்கினது இது ஒண்ணுதான், தம்பி" என்றார் பெரியவர்.

நான் என்ன செய்தேன்? தட்டை ஆணியிலிருந்து எடுத்துக் கவிழ்த்தேன். பின்புறத்தில், பச்சை மண்ணிலேயே அழுத்திய எழுத்துக்களில், 'வெட்ஜ்வுட்' என்று இருந்தது. ஆனால் அந்தப் பெயரின் நடுவில், 'ஜி'க்குப் பிறகு, ஓர் 'இ' கூடுதலாக இருந்தது.

"போலி, சார்" என்றேன். "ஜோசையா வெட்ஜ்வுட்டின் பெயரில் நடுவில் 'இ' கிடையாது. பெயரைத் திருடினவன் எழுத்துப் பிழையோடு திருடியிருக்கிறான்."

என் சாமர்த்தியத்தில் எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. பெரியவர் "அப்படியா?" என்றார். அவ்வளவுதான். மறு வருஷம் போனபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது. தட்டு அடுக்களையில் தோசை மாவு ஏனத்தை மூடிக்கொண்டிருந்தது.

அந்தத் தட்டைப் பற்றி நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு தவறு. இது எப்படி என்பது விளங்க, இந்தச் சாமான்கள் பிறந்த இடத்துக்குக் கொஞ்சம் போய்வர வேண்டும்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஸ்டாபர்ட்ஷயர் என்று ஒரு ஜில்லா. அதிலே டன்ஸ்டால், பர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக், பென்டன், லாங்டன் என்று ஆறு ஊர்கள். களிமண்ணும் நிலக்கரியும் பக்கத்திலேயே கிடைத்ததால் ஊர் ஊராகச் சூளைகள் எழுந்தன. 1910-ல் ஆறு ஊர்களும் சேர்ந்து ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் என்று ஒன்றாயின. அந்த மண்ணில் பிறந்த நாவலாசிரியர் ஆர்னால்ட் பென்னெட். 1902-ல் வந்த அவருடைய 'ஐந்து ஊர்களின் அன்னா' என்ற நாவலில், மண்பாண்டத் தொழிற்சாலை ஒன்றுக்குள் நம்மை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுகிறார். இருப்பது ஆறு ஊர்கள். அவர் எழுதியது ஐந்து. பென்டனை விட்டுவிட்டார். நாவலாசிரியர்கள் செய்கிற காரியம்தான் இது.

பீங்கான் என்று நாம் எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைத்துவிடுகிறோம். அவர்களுக்கு அது பல ஜாதி. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விரல் நிழல் தெரியாதது மண்சாமான். தெரிவது சைனா. அந்த சைனாவிலும் அவர்கள் நாட்டுக்கே உரியதாக ஒன்று உண்டு. மாட்டு எலும்பைச் சுட்ட சாம்பல் ஏறக்குறையப் பாதி, மீதி வெள்ளைக் களிமண்ணும் ஒருவகைக் கல்லும் சேர்த்துச் செய்வது. 'போன் சைனா' என்று பெயரிலேயே எலும்பு இருக்கிறது. ஆசாரமான வீடுகளில் விருந்தாளிக்கென்று அந்தக் கோப்பையை எடுத்து வைக்கிறவர்களிடம் நான் இதைச் சொல்வதில்லை.

இத்தனை ஊர்கள், இத்தனை சூளைகள், இருநூறு முந்நூறு வருஷச் சரக்கு. எது யாருடையது என்று கண்டுபிடிக்கத்தான் முத்திரைப் புத்தகங்கள் வந்தன. ஜெப்ரி காடன் 1964-ல் வெளியிட்ட பிரிட்டிஷ் முத்திரைக் கலைக்களஞ்சியம் இவற்றில் தலைசிறந்தது. ஆயிரக்கணக்கான முத்திரைகளைத் தேடிச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஊரும் காலமும் குறித்திருக்கிறார். ஒரு மனிதரின் உழைப்பா இது என்று மலைக்க வைக்கும் புத்தகம். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. குறை அதைப் புரட்டுகிற நம் மேல்தான்.

முத்திரை எதற்காக வந்தது என்று நாம் கேட்பதே இல்லை. வைர வடிவத்தில் ஒரு குறி உண்டு. நான்கு மூலைகளிலும் எழுத்தும் எண்ணும் இருக்கும். 1842-லிருந்து 1883 வரை வழங்கியது. எந்த எழுத்து எந்த வருஷம் என்று பட்டியலைப் பார்த்துத் தேதியைக்கூடச் சொல்லிவிடலாம். சேகரிக்கிறவர்களுக்கு இதைக் கண்டால் பரவசம். ஆனால் அது பாத்திரம் செய்த தேதி அல்ல. வடிவத்தைப் பிறர் திருடாமல் இருக்க அரசாங்கத்தில் பதிவு செய்த தேதி. பதிவான பிறகும் அந்த வடிவம் பல வருஷங்கள் சூளையிலிருந்து வந்துகொண்டிருந்திருக்கலாம். 1884 முதல் வைரம் போய் வெறும் பதிவு எண் வந்தது.

'இங்கிலாந்து' என்ற சொல் அடியில் இருந்தால் பொதுவாக 1891-க்குப் பிற்பட்டது என்பார்கள். காரணம் இங்கிலாந்தில் இல்லை; அமெரிக்காவில் இருக்கிறது. இறக்குமதியாகும் சரக்கில் பிறந்த தேசத்தின் பெயர் இருக்கவேண்டும் என்று 1890-ல் அங்கே ஒரு சுங்கச் சட்டம் வந்தது. அமெரிக்கச் சுங்கக்காரனுக்காகப் போட்ட சொல்லை வைத்து நாம் கலையின் வயதைக் கணிக்கிறோம்! அதிலும் எல்லோரும் ஒரே நாளில் போட ஆரம்பித்துவிடவில்லை. இன்னொரு வேடிக்கை: சில முத்திரைகளில் 1700-களின் ஆண்டு ஒன்று இருக்கும். கம்பெனி தொடங்கிய ஆண்டு அது. நேற்றுச் சூளையிலிருந்து வந்த கோப்பையிலும் அந்த ஆண்டுதான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, இருநூறு வருஷத்துப் பழசு என்று பட்டுத்துணியில் சுற்றிப் பீரோவில் பூட்டி வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முத்திரை பொய் சொல்வதும் உண்டு. லண்டனில் செல்ஸி என்ற இடத்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு தொழிற்சாலை அருமையான பீங்கான் செய்தது. அதன் குறி ஒரு நங்கூரம். ஒரு காலத்தில் சிவப்பு, பிறகு தங்க நிறம். உண்மையான நங்கூரம் மிகச் சின்னது. தேடித்தான் பார்க்க வேண்டும். பின்னால் வந்த நகல்களில் பெரிதாக, எடுப்பாகப் போட்டிருப்பார்கள். வாங்குகிறவன் அதைத்தான் முதலில் தேடுவான் என்று நகல் செய்தவனுக்குத் தெரியும். நம் பழக்கத்தை அவன் நம்மைவிட நன்றாகப் படித்திருக்கிறான்.

பொய் சொல்லும் எண்ணமே இல்லாமல் பெயர் தவறிப்போவதும் உண்டு. ஸ்டாபர்ட்ஷயரில் அலமாரி மேல் வைக்கிற பொம்மைகள் நிறையச் செய்தார்கள். அவற்றில் பெஞ்சமின் பிராங்க்ளினின் உருவம் ஒன்று. ஆனால் பீடத்தில் 'வாஷிங்டன்' என்று எழுதிய பொம்மைகள் இருக்கின்றன. இரண்டு பேரும் அமெரிக்காவின் பெரிய மனிதர்கள், எந்தப் பெயராக இருந்தால் என்ன என்று செய்தவர் நினைத்தாரோ என்னவோ! எழுத்தை நம்புகிறவர் வாஷிங்டனைப் பார்ப்பார். முகத்தைப் பார்க்கிறவர்தான் பிராங்க்ளினைக் காண்பார்.

ஏன், வெட்ஜ்வுட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1769-ல் அவர் புதிய தொழிற்சாலை திறந்தபோது அதற்கு எட்ரூரியா என்று பெயர் வைத்தார். இத்தாலியில் பூமியிலிருந்து தோண்டி எடுத்த பழைய ஜாடிகள் எட்ரூரிய நாட்டவை என்று அப்போது நம்பினார்கள். அவற்றைப் போலச் செய்வதில் அவருக்குப் பெருமை. திறப்பு நாளன்று, கூட்டாளி பென்ட்லி சக்கரத்தைச் சுற்ற, வெட்ஜ்வுட் தாமே ஆறு ஜாடிகளை வனைந்தார். எட்ரூரியக் கலைகள் மீண்டும் பிறக்கின்றன என்று லத்தீனில் அவற்றின் மேல் எழுதவும் செய்தார்கள். பிற்பாடு தெரிந்தது, அந்தப் பழைய ஜாடிகளில் பெரும்பாலானவை கிரேக்கர்கள் செய்தவை என்று. முத்திரை உலகத்தின் சக்கரவர்த்தி தம் ஊருக்கு வைத்த பெயரே கோத்திரம் தவறிய பெயர். அதனால் அந்த ஆறு ஜாடிகளின் அழகு ஒரு மாற்றுக் குறைந்துவிட்டதா?

இப்போது நம் தட்டுக்கு வருவோம். கூடுதல் 'இ' போட்டவர்களில் முக்கியமானவர், இங்கிலாந்தின் வடகிழக்கே ஸ்டாக்டன் என்ற ஊரில் தொழில் நடத்திய வில்லியம் ஸ்மித். பெரிய பெயரின் நிழலில் சரக்கை விற்கலாம் என்ற எண்ணம்தான், சந்தேகமில்லை. வெட்ஜ்வுட் குடும்பத்தார் நீதிமன்றத்துக்குப் போய் 1848-ல் தடை வாங்கினார்கள். அந்தப் பெயர் விஷயத்தில் ஸ்மித் குற்றவாளி. ஆனால் அவர் செய்தது தட்டுத்தான். தட்டின் நிழல் அல்ல. அவருக்கும் சூளை இருந்தது, மண் பிசைகிற ஆட்கள் இருந்தார்கள், செப்புத் தகட்டில் சித்திரம் செதுக்குகிற கைகள் இருந்தன. அவர் பட்டறையிலிருந்து வந்த தட்டு இன்றைக்கு நூற்றெழுபது வருஷங்களுக்கு மேற்பட்ட உண்மையான இங்கிலீஷ் மண்சாமான். பெயர் பொய். தட்டு பொய்யல்ல. 'போலி' என்று ஒரே சொல்லில் நான் இரண்டையும் சேர்த்து அடித்துவிட்டேன்.

இது எனக்குத் தெரிந்த பிறகு மறுபடியும் குன்னூருக்குப் போனேன். மாவு ஏனத்தின் மேலிருந்து தட்டை வாங்கிக் கழுவி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் தடவையாகப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த மாதிரிச் சித்திரங்களைத் தூரிகையால் எழுதுவதில்லை. செப்புத் தகட்டில் செதுக்கி, மை தடவி, மெல்லிய காகிதத்தில் ஒற்றி, அந்தக் காகிதத்தை ஒரு முறை சுட்ட தட்டின் மேல் அழுத்தித் தேய்ப்பார்கள். காகிதம் கழுவிப் போய்விடும், சித்திரம் தங்கிவிடும். பிறகு கண்ணாடி மெருகில் தோய்த்து மறுபடி சூளையில் வைப்பார்கள். விளிம்புச் சித்திரத்தைத் தனியாக நறுக்கிச் சுற்றி ஒட்டுவார்கள். ஆரம்பமும் முடிவும் சேருகிற இடத்தில் கோடுகள் இசையாமல் ஒரு தடுமாற்றம் தெரியும். பெரியவரின் தட்டில் அது இருந்தது. அவசரமாக ஒட்டிய யாரோ ஒருவருடைய கை! பின்புறத்தில், அடி வளையத்தின் ஓரத்தில், மெருகு தேங்கிய இடம் லேசான நீலமாக இருந்தது. சூளையில் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க முட்டுக் கொடுத்த இடங்களில் சின்னச் சின்ன வடுக்கள் இருந்தன. வளையம் தேய்ந்திருந்தது. தேய்மானமும் ஒரே சீராக இல்லை; மேஜைகளின் மேல் பல காலம் இழுபட்ட தேய்மானம். தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டுப் பழசாக்கிய சாமானுக்கு அந்தத் தேய்மானம் வராது.

இத்தனையும் ஒரு விஷயத்தைத்தான் சொல்லின. தட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தது. ஸ்டாக்டன் சரக்காகவே இருக்க இடமுண்டு. முத்திரையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முத்திரை சாட்சி; நீதிபதி அல்ல. மற்றச் சாட்சிகளை விசாரிக்காமல் அந்த ஒருவன் சொல்லைக் கேட்டுத் தீர்ப்பு எழுதியதுதான் என் குற்றம்.

வில்லோ சித்திரத்துக்கு ஒரு கதை சொல்வார்கள். சீனத்துப் பிரபுவின் மகள், அவளைக் காதலித்த ஏழைக் குமாஸ்தா, துரத்தி வருகிற தகப்பன், சாவில் இரண்டு பறவைகளாக மாறுகிற காதலர். இது பழைய சீனக் கதை என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் அநேகம். வாஸ்தவத்தில் சித்திரமும் இங்கிலாந்தில் செய்ததுதான். கதையும் அங்கே கட்டியதுதான். பரவலாக வழங்கும் வடிவம் 1849-ல் ஒரு குடும்பப் பத்திரிகையில் வந்தது. தட்டோ அதற்கு ஐம்பது வருஷங்களுக்கு முன்பே விற்பனையில் இருந்தது. கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் சந்தோஷமே. ஆனால் தட்டைப் பார்க்காமல் கதையைக் கேட்டுக்கொண்டு நிற்பதும் ஒருவகையில் அடியைக் கவிழ்த்துப் பார்ப்பதுதான்.

முத்திரையில் இன்னொரு சங்கடம் உண்டு. அது யாருடைய பெயர்? கிளாரிஸ் கிளிப் என்ற பெயரை இன்று சேகரிப்பவர்கள் தேடி அலைகிறார்கள். டன்ஸ்டாலில் 1899-ல் பிறந்து, பதின்மூன்று வயதில் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன பெண். 1927-ல், விற்காமல் கிடந்த குறையுள்ள பழைய பாத்திரங்களின் மேல் ஆரஞ்சும் மஞ்சளும் நீலமுமாக முக்கோணங்கள் போட்டுக் குறையை மறைத்தார். 'பிஸார்' என்று பெயர் வைத்தார்கள். சரக்குப் பறந்தது. பிறகு வந்த குரோகஸ் பூக்கள் இன்னும் பிரபலம். ஒவ்வோர் இதழும் தூரிகையின் ஒரே வீச்சு. பூவை முடித்ததும் பாத்திரத்தைத் தலைகீழாகத் திருப்பி, இலைகளை மெல்லிய பச்சைக் கோடுகளாக இழுப்பார்கள். 'இழுப்பார்கள்' என்றேன். ஏனென்றால் வரைந்தவர்கள் வேறு. எழுபது பேர் வரை, பெரும்பாலும் இளம் பெண்கள், வரிசையாக உட்கார்ந்து வரைந்தார்கள். அடியில் விழுந்தது ஒரே பெயர். அந்தப் பெயர் நியாயமானதுதான், கற்பனை அவருடையது. ஆனாலும் பூவின் இதழில் தெரிகிற கை அந்தப் பெயருக்குரியது அல்ல.

வேறு மாதிரி செய்தவர்களும் உண்டு. லண்டனில் லாம்பெத் என்ற இடத்தில் டவுல்டன் பட்டறையில் ஹன்னா பார்லோ என்ற பெண்மணி, ஈர மண்ணிலே மானையும் குதிரையையும் கீறி வரைந்து, தம் பெயரின் முதலெழுத்துக்களைப் பின்னிப் போட்டிருக்கிறார். வில்லியம் டி மார்கன் ஓடுகளிலும் ஜாடிகளிலும் மயிலும் மீனும் கப்பலுமாக ஒரு தனி உலகத்தையே படைத்தார். அவர் வரைந்து கொடுத்ததைப் பாத்திரத்தில் ஏற்றிய பாசெஞ்சர் சகோதரர்களின் முதலெழுத்துக்களை அடியில் காணலாம். அந்த டி மார்கனுக்குப் பீங்கானில் பணம் நிற்கவில்லை. அறுபத்தாறு வயதில், 1906-ல், முதல் நாவலை வெளியிட்டார். அது நன்றாக விற்றது. சூளையில் கைப்பொருளை இழந்தவர் நாவலில் சம்பாதித்தார் என்று கேட்டால் நம் எழுத்தாளர்கள் சிரிப்பார்கள்.

இதெல்லாம் பீங்கான் விஷயம் மட்டுந்தானா? ஒரு தடவை, பழைய பத்திரிகைகளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு ஒன்றில், முதல் பக்கம் கிழிந்துபோன ஒரு சிறுகதையைப் படித்தேன். தலைப்பு இல்லை, ஆசிரியர் பெயர் இல்லை. இரண்டு நாள் அந்தக் கதை என்னைவிட்டுப் போகவில்லை. விசாரித்ததில் தெரிந்தது, நான் பல வருஷங்களாக, "அவரா? அவர் எழுத்தில் என்ன இருக்கிறது!" என்று தள்ளிவந்த ஒருவர் எழுதியது என்று. பெயரோடு படித்திருந்தால் எனக்கு அது பிடித்திருக்காது. வெட்கமாக இருந்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். விமரிசனம் என்ற பெயரில் நம்மிடையே நடப்பதில் பாதி, புத்தகத்தைக் கவிழ்த்து அடியைப் பார்க்கிற காரியம்தான். எந்தக் கோஷ்டி, எந்தப் பதிப்பகம், யார் முன்னுரை. இவை தெரிந்த பிறகு படிப்பதற்கு அவசியமே இருப்பதில்லை.

முத்திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காடனின் புத்தகத்தை இன்றைக்கும் வாரத்துக்கு ஒரு முறையாவது புரட்டுகிறேன். வரிசையைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறேன். முதலில் எட்ட நின்று பார்க்கிறேன். பிறகு கையில் எடுத்துக் கனத்தைப் பார்க்கிறேன். விரல் நகத்தால் தட்டி ஓசையைக் கேட்கிறேன். பிடித்திருக்கிறதா இல்லையா என்று மனசுக்குள் ஒரு முடிவு செய்துகொள்கிறேன். அதற்குப் பிறகுதான் கவிழ்க்கிறேன். முத்திரை என் முடிவைத் திருத்தலாம், திருத்தியும் இருக்கிறது. ஆனால் திருத்துவதற்கு முன்னால் ஒரு முடிவு இருக்க வேண்டும் அல்லவா?

அன்று ஜன்னல் ஓரத்தில் இதையெல்லாம் பெரியவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஸ்மித்தைப் பற்றி, நீதிமன்றத் தடையைப் பற்றி, நீலமாகத் தேங்கிய மெருகைப் பற்றி. தட்டு போலியில்லை என்று சொல்லி மன்னிப்பும் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எங்கப்பாவுக்கு இங்கிலீஷ் கணக்குப் புஸ்தகம் அளவுக்குத்தான் தெரியும், தம்பி. பின்னாலே என்ன எழுதியிருக்குன்னு அவர் பார்த்தாரோ இல்லையோ. பாலத்து மேலே மூணு பேர் எங்கே போறாங்கன்னு என்னைக் கேட்டுக்கிட்டே இருப்பார்" என்றார்.

தட்டை மறுபடி ஆணியில் மாட்டினோம். அடுக்களையில் இருந்த ஒரு வருஷத்தில் விளிம்பில், படகுக்கு நேர் மேலே, ஒரு சில்லு உடைந்து போயிருந்தது. ஏலத்துக்கு முன்னும் பின்னுமாக அத்தனை காலம் முழுசாக இருந்த தட்டு. அந்த உடைசலுக்கு நான்தான் காரணம்.